கணித மேதையும் ஒரு கம்பளியும்

பெரியோர் வரலாற்றைப் படித்தால் உள்ளம் உயரும் என்று பள்ளிப் பருவத்தில் நமக்குச் சொல்லித் தந்தார்கள். நானும் அதை நம்புகிறவன்தான். ஆனால், சென்ற ஆண்டு ஒரு பெரியாரின் வரலாற்றைப் படித்து முடித்த இரவில் என் உள்ளம் உயரவில்லை, தலைதான் குனிந்தது. ஏன் குனிந்தது என்பதைக் கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன். நண்பர்கள் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

அப்பெரியார் வேறு யாருமல்லர்; கணித மேதை சீனிவாச இராமானுஜன்தான். அவர் பிறந்த டிசம்பர் 22ஆம் நாளை 2012ஆம் ஆண்டு முதல் தேசியக் கணித நாளாக நாடு கொண்டாடி வருகிறது. அந்நாளில் நம் சங்கத்தில் பேசுவதற்கு ஆள் தேடிய செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. என் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். கும்பகோணத்துக்காரனுக்கு இராமானுஜனைப் பற்றிப் பேசத் தெரியாமலா போகும் என்பது அவர் எண்ணம். உண்மையில் எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் வாடகைக் கார் எண் 1729 பற்றிய கதை மட்டுமே. ஆகவே, நூலகத்திற்குச் சென்று புத்தகங்களை எடுத்து வந்து படிக்கத் தொடங்கினேன். கணக்கைத் தேடிப் போன எனக்கு அங்கே ஒரு கம்பளிதான் கிடைத்தது. அந்தக் கம்பளியின் கதையே இக்கட்டுரை.

இளமையும் இடறலும்

மைசூரிலிருந்து பெங்களூர் வழியாகக் கும்பகோணம் செல்லும் இரவு வண்டியில் நம்மில் பலர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம். அந்த வண்டி நடுவழியில் ஈரோட்டில் நிற்கும். அந்த ஈரோட்டில்தான் 1887 டிசம்பர் 22ஆம் நாள் இராமானுஜன் பிறந்தார். அது தாயைப் பெற்றவர்களின் ஊர். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதியவர். தாயார் கோமளத்தம்மாள் கூர்மையான அறிவும் பிடிவாதமும் நிறைந்தவர். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் இருந்த சிறிய வீட்டில் மகன் வளர்ந்தான். அவனுக்குப் பின் பிறந்த குழந்தைகள் சிலர் சிசுப் பருவத்திலேயே மாண்டனர். எனவே, தாயின் அன்பு முழுவதும் இந்த மூத்த மகன் மீதே குவிந்தது. அவனுக்குத் தயிர்சாதம் பிசைந்து உருட்டிக் கையில் வைத்தவர் அவரே. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

நகர உயர்நிலைப் பள்ளியில் அவர் படித்தபோது கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் ஒன்று கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்களை அடுக்கி, நிறுவல்களைப் பெரும்பாலும் விட்டுவிட்ட நூல் அது. மற்றவருக்கு அது வறண்ட அகராதி. அவருக்கோ அது புதையல். விடுபட்ட நிறுவல்களையெல்லாம் தாமே உண்டாக்கிக்கொண்டார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித் தொகையுடன் சேர்ந்தார். காவிரிக் கரையில் உள்ள அக்கல்லூரியைத் தென்னாட்டின் கேம்பிரிட்ஜ் என்று மக்கள் அழைப்பது வழக்கம்.

கணிதம் ஒன்றே கண்ணாக இருந்தவர் மற்றப் பாடங்களைத் தொடவில்லை. ஆங்கிலத்தில் தோற்றார்; உதவித் தொகை பறிபோனது. 1905இல் ஒருவரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டு விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். மகனைக் காணோம் என்று பெற்றோர் செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுத்துத் தேடினார்கள். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கணிதத்தில் முழுமையும், உடலியலில் வெறுமையும் காட்டி மீண்டும் தோற்றார்.

நண்பர்களே, இந்த இடத்தில் சற்று நின்று பார்ப்போம். பள்ளியில் பரிசு பெற்ற பிள்ளை. ஊரே மெச்சிய பிள்ளை. கல்லூரியில் முதன்முறையாகத் தோற்கிறான். தோற்றதைத் தாய் தந்தையரிடம் சொல்ல வாய் வரவில்லை. ஓடிவிடுகிறான். இவனை நாம் அறியோமா? நம் விடுதியில் ஒவ்வோர் ஆண்டும் இத்தகைய ஒருவன் இருக்கிறான். ஊரில் முதல் மாணவனாக இருந்துவிட்டுப் பெருநகரக் கல்லூரியில் முதல் பருவத் தேர்வில் இடறி விழுந்த அந்த ஒருவன், தீபாவளிக்குக்கூட ஊருக்குப் போகாமல் அறையில் கிடப்பான். அவனுக்குப் பின்னால் மேதை இருக்கிறானோ இல்லையோ, மனிதன் இருக்கிறான்.

தாங்கிய கைகள்

பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. 1909இல் ஜானகி அம்மாளுடன் திருமணம் மட்டும் நடந்தது. அடுத்த ஆண்டில் ஓர் அறுவை சிகிச்சை. அதற்குக் கொடுக்கப் பணம் இல்லாததால் மருத்துவர் ஒருவர் கட்டணமின்றிச் செய்தார். பின்னர்ச் சென்னையில் நோயுற்றுத் தளர்ந்த நிலையில் ஒருநாள் தம் பழைய நண்பர் இராதாகிருஷ்ண ஐயர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். தாம் இறந்துவிட்டால் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரிடம் சேர்க்கும்படி கணிதக் குறிப்பேடுகளை நண்பர் கையில் ஒப்படைத்தார். நண்பர் என்ன செய்தார்? குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்து வியந்துகொண்டிருக்கவில்லை. அவரை மருத்துவரிடம் காட்டினார். மருத்துவர் சொன்னபடி இரயிலேற்றிப் பெற்றோரிடம் அனுப்பிவைத்தார். உடல் தேறி இராமானுஜன் திரும்பி வந்தார்.

அதன் பிறகு கைகள் பல நீண்டன. இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த வி. இராமசாமி ஐயர் குறிப்பேடுகளைப் பார்த்து வேறு அறிஞர்களிடம் பரிந்துரைத்தார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் தம் சொந்தப் பணத்தில் மாதம் 25 ரூபாய் கொடுத்துவந்தார். 1912 மார்ச் முதல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் அறிந்தவர். அலுவலக நேரம் முடிந்த பிறகு திருவல்லிக்கேணியில் அவரும் இராமானுஜனும் ஆளுக்கொரு சிலேட்டுடன் உட்கார்ந்து நள்ளிரவு வரை கணக்குப் போடுவார்கள். காகிதம் வாங்கக் காசு போதாத காலம் அது. சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து அழித்து, இராமானுஜனின் முழங்கை கறுத்துப் போயிருந்தது.

1913 ஜனவரி 16ஆம் நாளிட்டு இராமானுஜன் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதமும், அதைக் கண்டு ஹார்டி வியந்ததும் நாடறிந்த செய்திகள். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித் தொகை அளித்தது. நெவில் என்னும் இளம் பேராசிரியர் சென்னைக்கு வந்தபோது நேரில் பேசி அவரை இங்கிலாந்துக்கு வர இசையவைத்தார். 1914 மார்ச் 17ஆம் நாள் நெவாசா என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. குடுமியை எடுத்துவிட்டு, மேனாட்டு உடை அணிந்து, இருபத்தாறு வயது இராமானுஜன் அதில் ஏறினார். ஜானகி உடன் செல்லவில்லை.

கம்பளி

கேம்பிரிட்ஜில் முதல் சில வாரங்கள் நெவில் வீட்டில் கழிந்தன. பிறகு டிரினிட்டிக் கல்லூரி அறைக்குக் குடிபோனார். அந்த ஆண்டு ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. பேராசிரியர் லிட்டில்வுட் போர்ப் பணிக்குச் சென்றார். மாணவர் பலர் போர்முனைக்குப் போயினர். விளக்குகள் குறைந்து, ஆள் நடமாட்டம் குறைந்து, கல்லூரி வெறிச்சோடியது.

அப்போது கிங்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த வங்காள மாணவர் ஒருவர் குளிர்காலத்தில் இராமானுஜன் அறைக்கு வந்தார். பேச்சுவாக்கில், இரவில் குளிர் தாங்கவில்லை என்றும், மேலங்கியை அணிந்து சால்வையைப் போர்த்திக்கொண்டு படுப்பதாகவும் இராமானுஜன் சொன்னார். நண்பருக்கு வியப்பு. படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் வேண்டிய அளவு இருந்தன. ஆனால், மேனாட்டு வழக்கப்படி அவை மெத்தைக்கடியில் நன்றாகச் செருகப்பட்டு, மேலே விரிப்பால் மூடப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது கும்பகோணத்துக்காரருக்குத் தெரியவில்லை. அவர் விரிப்பின் மேலேயே படுத்து நடுங்கிக்கொண்டிருந்தார். நண்பர் கம்பளியைத் தூக்கிக் காட்டி, இப்படி உள்ளே படுக்க வேண்டும் என்று கற்றுத் தந்தார். இராமானுஜன் மிகவும் நெகிழ்ந்து போனார்.

அந்த வங்காள மாணவர்தான் பின்னாளில் 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய பிரசாந்த சந்திர மகலனோபிஸ்.

இந்நிகழ்ச்சியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டேன். உலகின் சிறந்த கணித அறிஞர்கள் இருந்த கல்லூரி அது. அங்கே அவருடைய தேற்றங்களை வரி வரியாகச் சோதித்துப் பார்த்தார்கள். ஆனால், அந்த மனிதன் இரவில் எப்படித் தூங்குகிறான் என்பதை எட்டிப் பார்த்தவர் ஒரு மாணவர். கம்பளி இல்லாமலா குளிரில் வாடினார்? இருந்தது, கட்டிலிலேயே இருந்தது. இருப்பதை எடுத்துக் காட்ட ஓர் ஆள்தான் வேண்டியிருந்தது.

சமையலும் மௌனமும்

இராமானுஜன் புலால் உண்ணாதவர். கல்லூரி உணவுக்கூடத்துக்குப் போகாமல் தம் அறையிலேயே சிறு அடுப்பில் சமைத்துக்கொண்டார். புளியும் எண்ணெயும் ஊரிலிருந்து பொட்டலமாக வரும். போர் முற்றியபோது கப்பல் போக்குவரத்துச் சீர்குலைந்தது, காய்கறியும் அருகியது. ஆராய்ச்சியில் மூழ்கினால் நேரம் தெரியாது. நாள் முழுதும் வேலை செய்து, நினைத்த வேளையில் ஏதோ ஒன்றைச் சமைத்து, நினைத்த வேளையில் உறங்கினார். தயிர்சாதம் பிசைந்து கையில் வைத்த தாய் ஆறாயிரம் கல்லுக்கு அப்பால் இருந்தார்.

ஒருமுறை இந்திய நண்பர் ஒருவரையும், அவருக்கு நிச்சயமாகியிருந்த பெண்ணையும், இன்னொரு பெண்மணியையும் விருந்துக்கு அழைத்துத் தம் கையால் இரசம் வைத்துப் பரிமாறினார். இரண்டு முறை வாங்கி உண்ட பெண்கள் மூன்றாம் முறை போதும் என்றார்கள். சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் விருந்தளித்தவரைக் காணவில்லை. படியிறங்கி வாடகை வண்டி பிடித்துப் போய்விட்டார் என்று வாயில் காப்பவர் சொன்னார். சில நாட்களுக்குப் பிறகு ஆக்ஸ்போர்டிலிருந்து, ஐந்து பவுன் அனுப்பும்படி தந்தி வந்தது. தம் சமையலை மறுத்தது தம்மையே மறுத்ததாக அவர் மனத்தில் பட்டுவிட்டது.

இதை வேடிக்கைக் கதையாக மேடைகளில் சொல்லிச் சிரிப்பதுண்டு. நானும் முதலில் சிரித்தேன். இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு வரவில்லை. தனிமையில் நெடுங்காலம் கிடந்த மனம் தோல் உரிந்த உடலைப் போன்றது. காற்றுப் பட்டாலும் எரியும். 1905இல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிய அதே பிள்ளைதான் இப்போது ஆக்ஸ்போர்டுக்கு ஓடியிருக்கிறார். இடறும்போதெல்லாம் ஓடி ஒளிவது அவர் இயல்பு. அதை அருகிலிருந்து உணர்ந்து சொல்லவோ கேட்கவோ ஆள் இல்லை.

ஹார்டி நல்லவர். இராமானுஜனுக்காக அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. ஆயினும் அவரும் கூச்ச இயல்பினர். பிறர் வாழ்க்கைக்குள் நுழைவது அநாகரிகம் என்று கருதும் குடியில் வந்தவர். இருவரும் நாள்தோறும் கணிதம் பேசினார்கள். வீட்டைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. வீட்டிலோ நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. மாமியாருக்கும் மருமகளுக்கும் பொருந்தவில்லை. ஜானகி எழுதிய கடிதங்களைத் தாயார் கணவரிடம் சேரவிடவில்லை. அவர் எழுதியவையும் ஜானகியிடம் போய்ச் சேரவில்லை. ஜானகி தம் அண்ணன் இருந்த கராச்சிக்குப் போய்விட்டார். கேம்பிரிட்ஜில் இருந்தவருக்கோ மனைவி ஏன் மௌனமாகிவிட்டார் என்பது விளங்கவில்லை. நாளடைவில் அவர் வீட்டுக்கு எழுதுவதும் குறைந்தது.

இருண்ட ஆண்டு

1917ஆம் ஆண்டு வசந்தத்தில் இராமானுஜன் நோயில் விழுந்தார். காசநோய் என்றார்கள். மருத்துவமனைகளும் சானடோரியங்களும் மாறி மாறி அவரை ஏற்றன. மெண்டிப் மலையில் சிலகாலம்; டார்பிஷயரில் மாட்லாக் என்ற இடத்தில் நெடுங்காலம். அக்காலத்தில் காசநோய்க்கு மருந்து இல்லை. திறந்த சன்னல், குளிர்ந்த காற்று, ஓய்வு, நிறைய உணவு: இவையே சிகிச்சை. தாம்பரம் சானடோரியத்தின் மர நிழலைப் பார்த்தவர்கள் அதை வைத்து இதை எண்ணக் கூடாது. ஆங்கில நாட்டுக் குளிரில் திறந்த சன்னலோரம் கிடந்தவர், குளிரில் நடுங்கிக் கணிதத்தையும் எழுத முடியாதவரானார். உணவோ வாயில் வைக்க முடியவில்லை. உண்மையில் அது காசநோயே அன்று, அமீபாவால் ஈரலில் உண்டான நோய் என்று 1994இல் மருத்துவ ஆவணங்களை ஆராய்ந்த யங் என்பவர் எழுதினார். நோய் எதுவாயினும், மருத்துவர்கள் அவருடைய நுரையீரலையும் எடையையும் காய்ச்சலையும் அளந்து குறித்தார்கள். மனத்தின் நிலையை அளக்க அன்று அங்கே எவரும் இல்லை.

அதே 1917இல் டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வுறுப்பினர் பதவிக்கு அவர் பெயர் முன்வைக்கப்பட்டுத் தோற்றது. நிறத்தைப் பார்த்து எதிர்த்தோரும் அங்கே இருந்தனர். நோய், குளிர், பசி, மனைவியின் மௌனம், தோல்வி ஆகிய இத்தனையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின.

1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலண்டனில் இராமானுஜன் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். இரயில்வே ஊழியர் ஒருவரின் விழிப்பால் பிழைத்தார். காயங்களுடன் இருந்தவரைப் போலீசார் கைது செய்தனர். ஏனெனில், அக்கால ஆங்கிலச் சட்டப்படி அது குற்றம். ஹார்டி விரைந்து சென்று, இவர் ராயல் சொசைட்டி உறுப்பினரான பெரும் அறிஞர் என்று சொல்லி மீட்டு வந்தார். அப்போது அவர் உறுப்பினர் அல்லர். உண்மையைத் தவிர வேறு பேசாத கணித அறிஞர் ஹார்டி தம் நண்பருக்காகப் பொய்யை மெய்போலச் சொன்ன நாள் அது.

நெடுங்காலம் இந்நிகழ்ச்சியை நம்மவர் எழுதாமல் மறைத்தனர். மேதையின் பெருமைக்கு இழுக்கு என எண்ணியிருக்கலாம். நான் அவ்வாறு எண்ணவில்லை. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தது இழுக்கானால் இதுவும் இழுக்காகும். நாம் மறைக்க மறைக்க, அதே துயரில் இருக்கும் மாணவன் தான் ஒருவன்தான் இப்படி என்று எண்ணிக்கொள்கிறான். இராமானுஜனுக்கே நேர்ந்தது என்று அறிந்தால், அவன் வாய் திறந்து பேசக்கூடும்.

திரும்பிய ஒளி

அதன் பிறகு நடந்தவைதாம் நாம் கவனிக்க வேண்டியவை. ஹார்டி ஓய்ந்திருக்கவில்லை. இராமானுஜனின் உடல்நிலையைச் சுட்டிக்காட்டி, தேர்தலை ஒத்திப்போடலாகாது என்று ராயல் சொசைட்டித் தலைவருக்கு எழுதினார். 1918 மே மாதம் இராமானுஜன் எப்.ஆர்.எஸ். ஆனார். அந்த உறுப்புரிமையைப் பெற்ற இரண்டாம் இந்தியர் அவர். அக்டோபரில் டிரினிட்டியும் அவரைத் தன் ஆய்வுறுப்பினராக ஏற்றது.

இராமலிங்கம் என்ற தமிழர் ஒருவர் அப்போது இங்கிலாந்தில் பொறியாளராக இருந்தார். அவர் 1918 ஜூனில் மாட்லாக்குக்கே சென்று இராமானுஜனோடு சில நாள் தங்கினார். என்ன உண்கிறார், எதை ஒதுக்குகிறார், சமையல் எப்படி இருக்கிறது, குளிருக்கு என்ன செய்கிறார்கள் என்பதையெல்லாம் கூர்ந்து கவனித்து ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். அவர் கணித அறிஞர் அல்லர். ஆனால், மேதையின் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்.

மகிழ்ச்சி திரும்பியதும் கணிதமும் திரும்பியது. அவரும் ஹார்டியும் சேர்ந்து செய்த பெரும்பணி எண்களின் பிரிவினை பற்றியது. நான்கு என்ற எண்ணை முழு எண்களின் கூட்டலாக ஐந்து வகையில் எழுதலாம். இருநூறு என்ற எண்ணை எத்தனை வகையில் எழுதலாம்? 3,97,299,90,29,388 வகையில்! இவ்வளவு பெரிய தொகையைத் துல்லியமாகத் தரவல்ல சூத்திரத்தை அவ்விருவரும் 1918இல் வெளியிட்டனர். பிரிவினை எண்களில் அவர் கண்ட வேறு பல உண்மைகள் அடுத்த ஆண்டுகளில் வெளிவந்தன.

1919 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் தருவதாக அறிவித்தது. அவர் எழுதிய பதில் நம் நெஞ்சைத் தொடுவது. ஐம்பது பவுனைப் பெற்றோருக்குக் கொடுங்கள்; என் செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிடுங்கள் என்பது அதன் கருத்து. தாம் சம்பளம் கட்ட முடியாமல் நின்ற நாட்களை அவர் மறக்கவில்லை.

1919 மார்ச்சில் பம்பாயில் வந்து இறங்கினார். வரவேற்க வந்த தாயிடம் முதலில் ஜானகி எங்கே என்றுதான் கேட்டார். பிறகு ஜானகி வந்து சேர்ந்தார். சென்னையிலும் கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் மாறி மாறித் தங்கினார். ஜானகி வெந்நீர் ஒற்றடம் கொடுத்தும், வேளாவேளைக்கு உணவூட்டியும், அவர் எழுதிய தாள்களைச் சேர்த்து வைத்தும் பணிவிடை செய்தார். உன்னையும் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றிருந்தால் எனக்கு இந்நோய் வந்திராது என்று கணவர் சொன்னதாக அவ்வம்மையார் முதுமையில் நினைவு கூர்ந்தார். அந்த ஓராண்டில், மரணப் படுக்கையில், இராமானுஜன் எழுதிய கணிதம் நூற்றாண்டு கடந்தும் ஆராயப்படுகிறது. 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சேத்துப்பட்டில் அவர் காலமானார். வயது முப்பத்திரண்டு. ஜானகி காப்பாற்றிய தாள்கள் பல கை மாறி டிரினிட்டி நூலகத்தை அடைந்தன; 1976இல் அமெரிக்கப் பேராசிரியர் ஆண்ட்ரூஸ் அவற்றை அங்கே கண்டெடுத்தார்.

இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். ஹார்டி முதுமையில் படைப்பாற்றல் குன்றியதை எண்ணி வருந்தி, 1947இல் தாமும் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றார். அவ்வாண்டின் இறுதியில் நோயால் இறந்தார். மாணவருக்கு நேர்ந்தது ஆசிரியருக்கும் நேர்ந்தது. அறிவு எவ்வளவு உயர்ந்தாலும், அது மனத்துக்குக் கவசம் ஆகாது.

என் தலை குனிந்த காரணம்

தொடக்கத்தில் சொன்ன கடனை இப்போது தீர்க்கிறேன். என் ஆய்வுக்கூடத்தில் என்னோடு பணி செய்யும் நண்பர் ஒருவர், நம் பக்கத்துத் தமிழர். சென்ற ஆண்டு பல மாதங்கள் அவருடைய சோதனைகள் ஒன்றும் கைகூடவில்லை. முதலில் சிரிப்புக் குறைந்தது. பின்பு விடுதி உணவுக்கூடத்தில் காணவில்லை. பின்பு ஆய்வுக்கூடத்துக்கும் வரவில்லை. கருவிகளைப் பயன்படுத்த நாங்கள் முறைவைத்துப் பெயர் எழுதும் பதிவேடு ஒன்று உண்டு. அதில் அவருடைய இடம் வாரக்கணக்கில் வெறுமையாக இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கருவி கிடைத்ததே என்று மகிழ்ந்து அந்த இடத்தில் என் பெயரை எழுதிக்கொண்டேன்.

கவனித்தவர் எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர். ஐம்பது வயது கடந்த கன்னடர். அண்ணா என்றுதான் அழைப்போம். யாரைக் கண்டாலும் ஊட்ட ஆய்த்தா, சாப்பிட்டாயிற்றா, என்று கேட்பது இவ்வூரார் வழக்கம். அந்த அண்ணா மூன்று நாளாக அக்கேள்வியை நண்பரிடம் கேட்க முடியவில்லை என்பதை உணர்ந்து, தம் வீட்டு முத்தையும் சாருமாக விடுதி அறைக் கதவைத் தட்டினார். ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் மருத்துவரிடம் துணைக்குச் சென்றார். சிகிச்சை பெற்றும், சில மாதம் ஊரில் தங்கியும் நண்பர் தேறித் திரும்பினார். இப்போது பதிவேட்டில் அவர் பெயர் மீண்டும் இருக்கிறது. அவர் இசைவு பெற்றே இதை எழுதுகிறேன்.

கம்பளி கட்டிலிலேயே இருந்தது என்றேன் அல்லவா? நம் நிலையும் அதுவே. நாம் வாழும் பெங்களூரில், ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. 1954இல் இங்கே தோன்றிய அகில இந்திய மனநல நிறுவனம் மைசூர் அரசின் மனநல மருத்துவமனையுடன் இணைந்து 1974இல் உருவான நிறுவனம் அது. 2022 அக்டோபர் 10ஆம் நாள் முதல் டெலி மானஸ் என்ற தொலைபேசி உதவியும் நாடெங்கும் நடைபெறுகிறது. 14416 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இராமானுஜனைக் கைது செய்த சட்டமும் நம் நாட்டில் மாறிவிட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, அவருக்குச் சிகிச்சை அளிப்பதை அரசின் கடமையாக்கியது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவும் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவில் இல்லை.

இவ்வளவும் இருக்கின்றன. ஆனால், குளிரில் நடுங்குகிறவனுக்குக் கம்பளி எங்கே இருக்கிறது என்பது தெரிவதில்லை. தெரிந்தாலும் தூக்கிப் போர்த்திக்கொள்ளக் கை எழுவதில்லை. ஆகையால் நாம் மனநல மருத்துவராக வேண்டியதில்லை. மகலனோபிஸ் ஆனால் போதும். இரண்டு நாளாகக் காணாத நண்பன் அறைக் கதவைத் தட்டுவோம். சாப்பிட்டாயா என்று கேட்போம். அவன் பேசினால் அறிவுரை சொல்லாமல் கேட்போம். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேரே கேட்கவும் அஞ்ச வேண்டாம்; கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது என்று மருத்துவ அறிஞர் கூறுகின்றனர். ஆம் என்றால் அவனைத் தனியே விடாமல் மருத்துவரிடம் உடன் செல்வோம். மருத்துவமும் செவிலியமும் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காய்ச்சலை அளந்து எழுதும் அதே கையால், உறக்கம் எப்படி, ஊரிலிருந்து கடிதம் வந்ததா என்றும் கேட்டு எழுதுங்கள். இரவு பகல் பாராமல் பிறரைப் பார்த்துக்கொள்ளும் உங்களையும் யாராவது கேட்கட்டும்.

அடுத்த டிசம்பர் 22ஆம் நாள் சங்கத்தில் மீண்டும் இராமானுஜன் விழா எடுப்போம். அன்று 1729இன் பெருமையைப் பேசுவோம். பேசி முடிந்து விடுதிக்குத் திரும்பும்போது, விளக்கு எரிந்தும் கதவு திறவாத அறை ஒன்று இருந்தால், அங்கே ஒரு நிமிடம் நிற்போம். அதுவே நம் ஊர் மேதைக்கு நாம் செய்யும் வணக்கம்.